மூன்றாவது ஓலை

கல்யாணம் நிச்சயமான ஜோடிகளை எங்கள் சபையில் இன்றைக்கும் என் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சேர்ந்து நன்றாக வாழ்வதற்கு நாலு வார்த்தை சொல்லி அனுப்புங்கள் என்று. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். என்னிடம் அப்படி நாலு வார்த்தை கிடையாது. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, துருவிய மரவள்ளிக் கிழங்கை ஒரு துணியில் சுருட்டி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துப் பிழியச் சொல்வேன். வெட்கத்தோடு பிழிவார்கள். சில பேருக்குப் பால் இறங்கும், சில பேருக்கு இறங்காது. இது என்ன பழக்கம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் இப்போது யாரும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் மலாய் நாட்டுக்கு வந்து இரண்டாம் வருஷம். நாங்கள் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். முன்னறை, பின்னறை, சமைக்க ஒரு குசினி. என் வீட்டுக்காரர் டவுனில் தண்ணீர்க்குழாய் பழுது பார்க்கிறவர். வெள்ளைக்காரன் போனாலும் குழாய் உடையத்தானே செய்யும், அதனால் அவர் வேலை போகவில்லை. எனக்கு இருபத்து நாலு வயது, கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. கவலைப்படுவது என் பிறவிச் சுபாவம். வேலைக்குப் போனவர் அரைமணி தாமதித்தால், அடக்கத்துக்கு யார் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். சண்டைக் காலத்தில் ஊரில் எல்லாருமே என்னைப்போல் ஆகிவிட்டார்கள். அதுதான் எனக்குப் புதிதாக இருந்தது.

வயது வந்த பெண் இருந்த வீட்டில் ஒரு பயம், வயது வந்த பையன் இருந்த வீட்டில் இன்னொரு பயம். பெண்ணைச் சிப்பாய்கள் கொண்டுபோய்விடுவார்கள், பையனைச் சயாமுக்கு ரயில்பாதை போட ஏற்றிவிடுவார்கள். கல்யாணமானவர்களைத் தொடமாட்டான் என்று ஒரு பேச்சு எங்கிருந்தோ கிளம்பி ஊரெல்லாம் ஓடியது. பொய்ப் பேச்சு அது. ஆனால் அந்த வருஷம் அதை நம்பித்தான் எங்கள் சபையில் அத்தனை கல்யாணம் நடந்தது.

எங்கள் கிறிஸ்தவ வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நடக்க இருக்கிறது, தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று அறிவிப்பதுதான் ஓலை. வெள்ளைக்காரப் போதகரைச் சிறையில் வைத்துவிட்டதால், வேறு ஊரிலிருந்து ஒரு தமிழ்ப் போதகர், நாங்கள் ஐயர் என்று கூப்பிடுவோம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளில் வருவார். அவர் இருக்கும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் கல்யாணத்தை முடித்தாக வேண்டும். மூன்று ஞாயிறுக்கு எங்கே போவது?

வழி கண்டுபிடித்தவர், ஐயர் இல்லாத ஞாயிறுகளில் ஆராதனை நடத்தும் எங்கள் உபதேசியார். சண்டைக்கு முன் சர்வே ஆபீசில் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். நாற்பது வயதிருக்கும். அளவு என்றால் அவருக்கு அளவுதான்.

"ஓலை மூணு," என்றார். "காலையில ஒண்ணு வாசிச்சிட்டுக் கல்யாணத்த முடிச்சிருவோம். மிச்ச ரெண்ட வர்ற ரெண்டு ஞாயிறும் வாசிப்பேன். மூணும் வாசிச்சப்புறம்தான் ரெஜிஸ்டர்ல என் கையெழுத்து."

கோயில் வாசலில் நின்ற ஒருவர் சும்மா இருக்கவில்லை. "சாப்பிட்டு முடிச்சவன்கிட்டப் போயி பசிக்குதான்னு கேப்பீங்களா உபதேசியாரே?"

"கேப்பேன். இன்னும் பசிக்குதுன்னு சொன்னான்னா அதுவும் தெரியணும்ல."

எல்லாரும் சிரித்தார்கள். ஐயர் தோளைக் குலுக்கிவிட்டார். அப்படியே அது எங்கள் சபையின் வழக்கமாகிவிட்டது.

இன்னொரு வழக்கமும் அவர் வைத்ததுதான். சாட்சிக் கையெழுத்துப் போடும் தம்பதி, ஒதுங்க இடமில்லாத புது ஜோடியைக் கொஞ்ச நாள் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குப் பின்னறை இருந்தது, பிள்ளை இல்லை. அதனால் எங்களிடம் வந்து நின்றார்.

பெண்ணுக்குப் பதினெட்டு வயது, ஊர் உஜோங் பாசிர். அப்பா இல்லை. அம்மா ஒண்டியாகத் தையல் வேலை செய்து வளர்த்தவர். பையனுக்கு இருபத்து மூன்று. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கொடுக்கும் வேலை. அளப்பதற்குத் துணிதான் இல்லை, காலி அலமாரிக்குக் காவல் இருந்தான். தாய் தகப்பன் கிடையாது, கடை மாடியிலேயே படுக்கை. இரண்டு பேரும் அதற்கு முன் கோயிலில் எட்ட இருந்து பார்த்ததோடு சரி.

கல்யாணத்துக்குப் பெண்ணின் அம்மாவுடைய பழைய மோதிரத்தையே அவளுக்குப் போட்டார்கள். விரலுக்குப் பெரிதாக இருந்ததால் உள்பக்கம் நூல் சுற்றியிருந்தது. சாவு பிரிக்கும் வரைக்கும் என்று ஐயர் சொல்லச் சொல்ல இரண்டு பேரும் தெளிவாகத் திருப்பிச் சொன்னார்கள். நானும் என் வீட்டுக்காரரும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டோம். மரவள்ளி மாவில் செய்த கேக்கை ஆளுக்கு ஒரு துண்டு தின்றோம். ஐயர் சைக்கிள் ஏறிப் போய்விட்டார்.

புதன்கிழமை காலை பின்னறையைப் பெருக்கப் போனேன். சுவரோரம் இருந்த என் தையல் மிஷின் அறையின் நட்டநடுவில் நின்றது. இந்தப் பக்கச் சுவரோரம் ஒரு பாய், அந்தப் பக்கச் சுவரோரம் ஒரு பாய். பையன் கடைக்குப் போய்விட்டான். அந்தப் பெண் குசினியில் இருந்தாள்.

"மிஷின ஏம்மா நடுவுல இழுத்துப் போட்டிருக்க? எலி வருதா?"

"எலி இல்லக்கா."

அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு சொன்னாள். "சண்ட முடியிற வரைக்கும்தான்க்கா. கல்யாணத்துக்கு முன்னாடியே பேசி வச்சிருக்கோம். எங்கம்மா தூங்குறதே இல்ல. லோரி சத்தம் கேட்டா என்னையப் புடிச்சிக் கட்டிலுக்கு அடியில தள்ளுவாங்க. அவருக்கும் சயாம் பயம். சண்ட முடிஞ்சதும் நீங்க உங்க வழி, நான் என் வழி, அதுவரைக்கும் என்னால உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காதுன்னு சொன்னாரு. நல்ல மனுஷன்க்கா."

"கோயில்ல நின்னு சாவு பிரிக்கிற வரைக்கும்னு சொன்னீங்களே ரெண்டு பேரும்."

"சொன்னோம்."

"அப்ப அது?"

"சாவுதான் இப்ப எப்ப வேணா வருதேக்கா."

விளையாட்டாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருகிட்டயும் சொல்லிராதீங்கக்கா, அம்மாவுக்குத் தெரிஞ்சா உயிர விட்டுருவாங்க," என்றாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த ஞாயிறு இரண்டாவது ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று உபதேசியார் கேட்பார். சபையிலேயே தடை தெரிந்த ஒரே ஆள் நான். அதிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னால் இவர்கள் பயந்த இரண்டும் நடந்துவிடும். பெண் மறுபடியும் கட்டிலுக்கு அடியில், பையன் லோரியில். சொல்லாவிட்டால் கடவுள் வீட்டில் பொய்க்குச் சாட்சி நின்றவள் ஆவேன். என் வீட்டுக்காரர், "வயித்து வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுவும் ஒரு பொய்.

இவர்களை எப்படியாவது உண்மையான புருஷன் பெண்சாதி ஆக்கிவிட்டால் தடையே இல்லாமல் போய்விடுமே என்று ஒரு யோசனை வந்தது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். ஒரே தட்டில் சாப்பாடு போட்டேன். நடுவில் கோடு கிழித்தாற்போல் ஆளுக்குப் பாதி தின்றுவிட்டு, மிச்சம் இருந்த துண்டை, "நீங்க எடுத்துக்குங்க," "இல்ல, நீங்க எடுத்துக்குங்க," என்று ஆறவிட்டார்கள். சேர்ந்து ஜெபம் பண்ணச் சொன்னேன். யார் முதலில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தார்கள். அவ்வளவு மரியாதையை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மரவள்ளி பிழிகிற நாள். அரிசி கிடைக்காத காலம், மரவள்ளிதான் மூன்று வேளையும். கிழங்கைத் துருவி, நீளத் துணியில் சுருட்டி, எதிரெதிரே இரண்டு பேர் நின்று முறுக்கிப் பாலை எடுத்துவிட்டுத்தான் காயவைக்க வேண்டும். வழக்கமாக நானும் என் வீட்டுக்காரரும் பிழிவோம். அன்றைக்கு அவர்கள் கையில் கொடுத்தேன்.

துணி உருண்டுகொண்டே இருந்தது, ஒரு சொட்டு இறங்கவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அவள் முறுக்குகிற பக்கத்தைப் பார்த்து அவன் தன் கையை அதற்குத் தக்கபடி திருப்பிக்கொள்கிறான். அவன் திருப்புவதைப் பார்த்து அவள் தன் கையை மாற்றுகிறாள். ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுத்து, முறுக்கே ஏறாமல் கம்பு மாதிரி துணி சுற்றுகிறது.

எனக்கு மூன்று நாள் கோபமும் சேர்ந்து வந்தது. "எதிர்ல என்ன பாக்குறீங்க? நீ உன் வலது கைப் பக்கம் முறுக்கு. தம்பி, நீ உன் வலது கைப் பக்கம் முறுக்கு. அவ இழுத்தா இழுக்கட்டும், விட்டுக்குடுக்காத."

முறுக்கினார்கள். துணி இறுகி முடிச்சுப்போல் ஆயிற்று. பால் குபுகுபுவென்று அவன் காலில் கொட்டியது.

"ஐயோ, கொஞ்சம் மெதுவா," என்றான்.

"அக்காதான விட்டுக்குடுக்காதன்னாங்க," என்று அவள் இன்னும் ஒரு சுற்று முறுக்கினாள்.

அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். கடிகாரங்களை ஜப்பான் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள், வெயில் ஏறும் முன்பே மணி ஒன்பது ஆகிவிடும். உபதேசியார் இரண்டாவது ஓலையை வாசித்தார். "தடை அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம்," என்று நிமிர்ந்தார். எனக்கு முன் பெஞ்சில் அவர்கள் இரண்டு பேரும். எப்படி நடந்தது என்று தெரியவில்லை, நான் பாதி எழுந்துவிட்டேன். சபை முழுவதும் திரும்பியது.

"என்னம்மா?" என்றார் உபதேசியார்.

அந்தப் பெண் திரும்பவில்லை. அவள் கழுத்து மட்டும் விறைத்தது. அவன் மெல்லத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒண்ணுமில்லீங்கய்யா. கால் மரத்துப்போச்சு."

பெண்கள் மத்தியில் சிரிப்பு எழுந்தது. நான் உட்கார்ந்தேன். ஆனால் பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வாரம் வீட்டில் ஏதோ மாறியது. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை கீரையில் உப்பு அதிகம் என்று அவன் சொன்னான். "அப்ப நாளைக்கு நீங்க ஆக்குங்க," என்றாள். "ஆக்குறேன், நீ கடைக்குப் போயி துணி அள." "இல்லாத துணிய அளக்குறதுக்கு என்ன, நான் கண்ண மூடிக்கிட்டே அளப்பேன்." "வாயாடி," என்றான் அவன். நான் அடுப்படியில் குனிந்துகொண்டேன். கல்யாணமான வீட்டுச் சத்தம் அதுதான். நாலு வருஷமாக எனக்குப் பழகிய சத்தம். வெள்ளிக்கிழமை பெருக்கப் போனபோது தையல் மிஷின் சுவர்ப்பக்கமாக ஒரு முழம் நகர்ந்திருந்தது. தைக்க வெளிச்சம் வேண்டும் என்று நகர்த்தினேன் என்றாள். நான் கேட்காமலேயே சொன்னாள்.

சனிக்கிழமை நடுப்பகல், பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா வேலியோரம் வந்து என்னைக் கூப்பிட்டார். பல தலைமுறைக்கு முன்பே இந்த ஊரில் குடியேறிய குடும்பம், சாமிக்குப் பொங்கல் வைப்பார்கள், தமிழ் பேசமாட்டார்கள், மலாய்தான். ஜாலான் பெண்டஹாராவில் இரண்டு பக்கமும் லோரியை நிறுத்தி, நடுவில் அகப்பட்ட ஆண்பிள்ளைகளையெல்லாம் ஏற்றிவிட்டார்கள் என்று மலாயில் சொன்னார். உங்கள் வீட்டுப் பையனும் ஏறினான், என் மகன் பார்த்தான் என்றார்.

என் வீட்டுக்காரர் ஓடினார். தம்பின் ஸ்டேஷனில் ரயில் ஏற்றக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதோடு திரும்பி வந்தார். கடை முதலாளி சொன்னதாக ஒன்றும் சொன்னார்: "தனக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு சொன்னானாம். மோதிரம் போட்ட மாதிரி வெரலக் காட்டுனானாம். சிப்பாய்க்கு என்னா புரிஞ்சுதோ, சிரிச்சிட்டு முதுகுல தட்டி ஏத்துனானாம்."

அவனிடம் மோதிரம் இல்லை. இருந்த ஒரு மோதிரம் அவள் விரலில். அவள் அழவில்லை. பின்னறையில் போய் இரண்டு பாய்களையும் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

சாயங்காலத்துக்கு முன்பே உஜோங் பாசிரிலிருந்து அவள் அம்மா நடந்து வந்துவிட்டார். மகளிடம் போகவில்லை. நேரே என்னிடம் குசினிக்கு வந்தார்.

"நாளைக்கு மூணாவது ஓல வாசிக்கப் போறாங்க."

"ஆமாங்கம்மா."

"வாசிக்கக் கூடாது. மூணும் வாசிச்சாத்தான கையெழுத்து? இன்னும் கையெழுத்து ஆகல. சயாமுக்குப் போனவன் எவன் திரும்பி வந்தான்? ரெண்டு வாரம் ஒரு வீட்டுல இருந்ததுக்கு எம்புள்ள ஆயுசு பூரா தாலியறுத்தவளா நிக்கணுமா? போன வாரம் நீ எந்திரிச்சியே. கால் மரத்துப்போயா எந்திரிச்ச? உனக்கு ஏதோ தெரியும். அத நாளைக்குச் சொல்லு. எம்புள்ளய விட்டுருவாங்க."

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் என்னை ஆட்டியது. போன வாரம் நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கேடு. இந்த வாரம் அதே வார்த்தையைச் சொன்னால் அவளுக்கு விடுதலை. அதுவும் உண்மையான வார்த்தை. சொல்லாமல் விட்டால், செத்துப்போயிருக்கக்கூடிய ஒருவனோடு அவளைக் கட்டிப்போட்டவள் நான். "யோசிக்கிறேன்மா," என்றேன். "யோசிக்கிறதுக்கு என்னா இருக்கு? உனக்கு ஒரு பொம்பளப் புள்ள இருந்தா தெரியும்," என்று சொல்லிவிட்டுத் திண்ணென்று உட்கார்ந்துவிட்டார். அது எனக்குச் சுருக்கென்றது. குடிக்கத் தண்ணீர் மொண்டு அவர் முன்னால் வைத்தேன்.

ஞாயிறு விடிந்தது. வெள்ளிக்கிழமை துருவியதில் கொஞ்சம் பிழியாமல் கிடந்தது, விட்டால் புளித்துப்போகும். கிணற்றடியில் நானும் அவளும் ஆளுக்கு ஒரு முனை பிடித்தோம். அதுவரைக்கும் நான் எல்லாவற்றையும் நானே யோசித்துக்கொண்டிருந்தேன். அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"உங்கம்மா என்னையச் சொல்லச் சொல்றாங்க. நீங்க பேசி வச்சிருந்தது அவங்களுக்குத் தெரியாது. ஆனா நான் அதச் சொன்னா ஓல நின்னுரும். நீ சொல்லு, நான் என்னா செய்யட்டும்?"

முறுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

"வியாழக்கெழம அவரு ஒண்ணு கேட்டாருக்கா. சண்ட முடிஞ்சி நீ எந்த வழியா போவன்னு. எனக்கென்னா தெரியும், உஜோங் பாசிர் வழியாத்தான் போவேன்னு சொன்னேன். அப்ப நானும் அந்தப் பக்கம்தான் போறேன்னாரு."

பால் வடிந்து நின்றது. அவள் துணியைப் பிரித்தாள்.

"அதுக்கு நான் ஒண்ணும் பதில் சொல்லலக்கா. பெறகு சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். வாசிக்கட்டும்."

"அவன் வரலேன்னா?"

"வரலேன்னாலும் நான் சொல்ல வேண்டிய பதில் பாக்கி இருக்குல்ல."

"பதினெட்டு வயசு உனக்கு. நெறய நாள் கெடக்கு."

"தெரியும்க்கா."

கோயிலில் முன் பெஞ்சில் அவள் மட்டும் இருந்தாள். அவள் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முழங்கையைத் தொட்டார். உபதேசியார் ஓலையை எடுத்தவர், அவளைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "மாப்பிள்ளை இல்லாத நேரத்துல..." என்று இழுத்தார்.

அவள் எழுந்து, "வாசிங்கய்யா," என்றாள்.

வாசித்தார். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். அம்மாவின் கை என் முழங்கையை இறுக்கியது. நான் எழுந்தேன். இந்தத் தடவை பாதி இல்லை, முழுவதும் எழுந்தேன்.

"சாட்சிக் கையெழுத்துப் போட்டவ நானுங்க. எனக்குத் தெரிஞ்சி தட ஒண்ணும் இல்ல."

என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. அம்மா என் கையை விட்டுவிட்டு எழுந்து, வேறு பெஞ்சுக்குப் போனார். ஆராதனை முடிந்ததும் உபதேசியார் ரெஜிஸ்டரைப் பிரித்து, மை தொட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல். அவள் எங்களோடுதான் இருந்தாள். மகளைப் பார்க்க வரும்போது அவள் அம்மா வேலிக்கு வெளியே நிற்பார், என்னிடம் பேசமாட்டார். சயாமிலிருந்து தப்பி வந்த ஒன்றிரண்டு பேர் சொன்ன கதைகளை நான் அவளுக்குச் சொல்லாமல் மறைத்தேன். அவள் அதையெல்லாம் ஏற்கெனவே வேறு இடத்தில் கேட்டிருப்பாள், எனக்குச் சொல்லாமல் மறைத்தாள். வெள்ளிக்கிழமை தோறும் எதிரெதிரே நின்று மரவள்ளி பிழிந்தோம். ஒவ்வொரு வெள்ளியும் அவள் முகத்தைப் பார்த்து, இந்தப் பெண்ணை நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று நினைப்பேன். வியாழக்கிழமை ஒருவன் கேட்ட ஒரு கேள்வியை நம்பி நான் தடை இல்லை என்று சொன்னேன். அவன் அதை நினைத்துத்தான் கேட்டானா, சும்மா விளையாட்டுக்குக் கேட்டானா? விளையாட்டுக்கு என்றால் நான் சொன்னது பொய். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் இதுதான் முன்னால் வந்து நிற்கும்.

சண்டை முடிந்து மூன்றாம் மாதம், ஒரு காலைப்பொழுதில், நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றார். சாக்குத்துணியில் சட்டை. ஒரு காலில் கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் கந்தல் சுற்றியிருந்தது. பிச்சை கேட்டு வந்தவர் என்று நினைத்தேன்.

"அக்கா," என்றார். குரலை வைத்துத்தான் கண்டுகொண்டேன்.

படலைத் திறக்கப் போனேன். அவன் அதைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டான்.

"இருங்கக்கா. அவங்க உஜோங் பாசிருக்குப் போயிட்டாங்களா?"

"இங்கதான் இருக்கா. கெணத்தடியில."

தலையை ஆட்டினான். "நான் போனப்புறம் மூணாவது ஓல..."

"மறுநாளே வாசிச்சாச்சு."

"யாரும் தட சொல்லலியா?"

அத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. "நீங்க பேசி வச்சிருந்தது எனக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சிக்கிட்டேதான் எந்திரிச்சித் தட இல்லேன்னு சொன்னேன். அது பொய்யா உண்மையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. நீதான் சொல்லணும்."

அவன் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தான். அவள் வாளியோடு வந்து நின்றிருந்தாள். வாளியைக் கீழே வைக்கவும் இல்லை, ஓடி வரவும் இல்லை.

"கால்ல என்னா?" என்றாள்.

"புண்ணு. ஆறிக்கிட்டு வருது."

"ஆறிக்கிட்டு வர்ற லட்சணமா இது? உள்ள வாங்க. சுடுதண்ணி வைக்கணும்."

அவன் படலை விட்டான். நான் துணியை அப்படியே கொடியில் போட்டுவிட்டு அண்டை வீட்டுக்குப் போய்விட்டேன், எதற்கு என்று சொல்லத் தெரியாமல். செட்டி அம்மா ஒன்றும் கேட்காமல் நாற்காலி எடுத்துப் போட்டார். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள், அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பாக்கியிருந்த பதிலைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. என் கேள்விக்கும் அவன் பதில் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அவனை நடத்திக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். கடிகாரம் பழைய நேரத்துக்குத் திரும்பியிருந்தது. ஓலை வாசிக்கிற நேரம் வந்தது. அன்றைக்கு வாசிக்க ஓலை எதுவும் இல்லை. உபதேசியார் அடுத்த பாட்டைச் சொல்லப் போனார். அவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"ஐயா, எங்க மூணாவது ஓலைய வாசிக்கணும்."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். "அது அப்பவே வாசிச்சாச்சுப்பா. கையெழுத்தும் போட்டாச்சு. மூணுதான் கணக்கு. நாலாவதுன்னு ஒண்ணு கெடையாது."

"நான் காதால கேட்டது ரெண்டுதான்யா."

அளவு தவறாத அந்த மனுஷர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அலமாரியைத் திறந்து, பழைய தாள்களைப் புரட்டி, ஒன்றை எடுத்து வந்தார். ஓரம் செல்லரித்திருந்தது. இரண்டு பெயரையும் வாசித்தார். அவள் அவன் பக்கத்தில் எழுந்து நின்றாள். விரலில் மோதிரம் கழலாமல் இருக்கச் சுற்றியிருந்த நூல் அழுக்கேறிக் கறுத்திருந்தது.

"தடை அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம்."

வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தார். அவர் எங்கள் பெஞ்சைப் பார்த்தாற்போல் இருந்தது. அவள் அம்மா இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. முன்னால் நின்ற இரண்டு பேரும் யாராவது எழுந்திருக்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.